மியூனிக் நூலகத்தில் ஒரு தல்மூத்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியின் மியூனிக் நகரில் உள்ள பவேரிய மாநில நூலகத்தில், எபிரேயப் பிரதி எண் 95 என்ற அடையாளத்தோடு ஒரு தல்மூத் இருக்கிறது. 1342இல் கையால் எழுதப்பட்டது. அந்தப் பிரதி, தல்மூதின் உரைகள், வேறு நூலகங்களில் உள்ள அதன் உறவுக்காரப் பிரதிகள் ஆகியவை பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் இவை.

தல்மூத் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

யூதர்களின் வாய்மொழிச் சட்ட மரபு கி.பி. 200 வாக்கில் யூதா ஹ-நாசி என்ற தலைவரின் கீழ் எபிரேய மொழியில் தொகுக்கப்பட்டது. அதற்கு மிஷ்னா என்று பெயர். விவசாயம், பண்டிகை, திருமணம், நஷ்டஈடு, பலி, தூய்மை என்று ஆறு பெரும்பிரிவுகள், அவற்றுக்குள் 63 பகுதிகள். அடுத்த சில நூற்றாண்டுகள் அறிஞர்கள் அந்த மிஷ்னாவை வரிவரியாக எடுத்து விவாதித்தார்கள். பெரும்பாலும் அரமேய மொழியில் நடந்த அந்த விவாதம்தான் கெமாரா. இரண்டும் சேர்ந்தது தல்மூத்.

இன்றைய ஈராக்கில், சூரா, பும்பெதிதா போன்ற ஊர்களின் கல்விக்கூடங்களில் உருவானது பாபிலோனியத் தல்மூத். சுமார் 37 பகுதிகளுக்கு மட்டுமே அதில் கெமாரா உண்டு. பாலஸ்தீனத்தில் உருவான இன்னொன்றை ஜெருசலேம் தல்மூத் என்பார்கள். வெறுமனே தல்மூத் என்று சொன்னால் அது பாபிலோனியத் தல்மூத்தான்.

சட்டப் புத்தகம் என்று நினைத்துத் திறந்தால் ஏமாற்றமாக இருக்கும். வழக்கு, எதிர்வழக்கு, நடுவில் ஒரு கதை, கனவுக்குப் பலன், வைத்தியக் குறிப்பு, மறுபடி வழக்கு என்று போகும். பல விவாதங்கள் தீர்ப்பே இல்லாமல் நின்றுவிடும்.

இந்த ஒரு பிரதிக்கு ஏன் இத்தனை பேச்சு?

பாபிலோனியத் தல்மூத் கிட்டத்தட்ட முழுவதையும் கொண்ட இடைக்காலக் கையெழுத்துப் பிரதி உலகத்தில் இது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. சில தாள்கள் தொலைந்துபோனதால்தான் ‘கிட்டத்தட்ட’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மற்ற நூலகங்களில் உள்ளவை எல்லாம் ஒரு பகுதி, இரண்டு பகுதிகள், அதிகம் போனால் ஒரு பெரும்பிரிவு. மற்றபடி துண்டுத் தாள்கள்.

எழுதியவர் யார்? எங்கே எழுதினார்?

சாம்சனின் மகன் சாலமோன் என்பவர். வேலை முடிந்ததும் கடைசியில் பெயரையும் தேதியையும் எழுதி வைப்பது எபிரேய எழுத்தர்களின் வழக்கம். அதனால்தான் நமக்கு அவர் பெயரும் 1342 என்ற ஆண்டும் தெரிகிறது.

இடம் பிரான்ஸ். பாரிஸ் என்று பல நூல்களில் இருக்கும். ஆனால் அந்தக் காலத்து நிலவரத்தை நினைத்துப் பார்த்தால் அதை அழுத்திச் சொல்லத் தயக்கம் வருகிறது. 1306இல் நான்காம் பிலிப் மன்னர் யூதர்களை நாட்டைவிட்டு விரட்டினார். 1315இல் திரும்ப அழைத்தார்கள். சில ஆண்டுகளில் மறுபடி வெளியேற வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட ஒரு காலத்தில், காலி செய்யச் சொல்லி எப்போது ஆணை வருமோ என்ற நிலையில், ஒருவர் உட்கார்ந்து தல்மூத் முழுவதையும் எழுதியிருக்கிறார். அதற்குத் தோல் வாங்கவும் கூலி கொடுக்கவும் யாரோ பணம் போட்டிருக்கிறார்கள்.

பக்கம் பார்க்க எப்படி இருக்கும்?

நெருக்கமாக. முதலில் கண்ணில் படுவது அதுதான். பதப்படுத்திய தோலில் எழுதிய 570க்கும் மேற்பட்ட தாள்கள், எல்லாம் ஒரே கட்டாக. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 80 வரிகள். மிஷ்னா பெரிய எழுத்தில் இருக்கும். அதைச் சூழ்ந்துகொண்டு கெமாரா பொடி எழுத்தில் ஓடும். உயிர்க்குறிகள் கிடையாது, நிறுத்தக்குறிகள் அரிது, சொற்சுருக்கங்கள் ஏராளம்.

அச்சில் வந்த தல்மூத் 2,711 தாள்கள். 1923இல் ரப்பி (யூத மத ஆசான்) மேயர் ஷாபிரோ தொடங்கிவைத்த தினம் ஒரு தாள் படிக்கும் வழக்கத்தின்படி, இருபுறமும் சேர்த்து நாளுக்கு ஒரு தாள் என்று முழுவதையும் முடிக்க ஏழரை ஆண்டுகள் ஆகும். 2020 ஜனவரியில் தொடங்கிய சுற்று 2027 ஜூனில்தான் முடிகிறது. அத்தனை பெரிய நூலை ஒரே கட்டுக்குள் அடக்க வேண்டும் என்றால் எழுத்தைப் பொடியாக்குவதைத் தவிர வழியில்லை. அச்சுப் பக்கத்தில் உரைகளும் இடம் பிடித்துக்கொள்கின்றன, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்தான். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் சாலமோனின் சிக்கனம் பிரமிக்க வைக்கிறது.

இப்படி எழுதியதற்கு ஒரு காரணம் சொல்லலாம். அடிக்கடி ஊர் மாற வேண்டியவர்களுக்கு இருபது கட்டுகளைவிட ஒரு கட்டு வசதி. இது என் ஊகம், பிரதியில் அப்படி எங்கும் எழுதியில்லை.

தல்மூத் பக்கம் என்றால் நடுவில் மூலம், இருபுறமும் உரை என்றுதானே படங்களில் பார்க்கிறோம்? இதில் உரை எங்கே?

இல்லை. நாம் படங்களில் பார்க்கும் அந்தப் பக்கம் அச்சகத்தில் பிறந்தது.

கையெழுத்துக் காலத்தில் மூலம் தனி நூல், உரை தனி நூல். மாணவர் முன்னால் இரண்டும் விரிந்திருக்கும். உரையாசிரியர் மூலத்திலிருந்து இரண்டு மூன்று சொற்களை எடுத்துக் காட்டிவிட்டு விளக்கம் சொல்வார், மாணவர் மூல நூலில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்துக்கொள்வார்.

இரண்டையும் சேர்த்துக் கட்டியவர்கள் இத்தாலியின் சொன்சினோ குடும்பத்து அச்சர்கள். 1483–84இல் அவர்கள் வெளியிட்ட பெராகோத் பகுதியில் நடுவில் தல்மூத், புத்தகத்தின் உள் ஓரத்தில் ராஷியின் உரை, வெளி ஓரத்தில் தோசஃபோத் உரை என்று அமைத்தார்கள். பிறகு வெனிஸில் டேனியல் போம்பெர்க் 1520 வாக்கில் தொடங்கி 1523இல் முழு பாபிலோனியத் தல்மூதையும் அச்சிட்டு முடித்தார். போம்பெர்க் ஆன்ட்வெர்ப் ஊரைச் சேர்ந்த கிறிஸ்தவர். அந்தப் பதிப்புக்குப் போப் பத்தாம் லியோவின் அனுமதியும் இருந்தது. அவர் போட்ட தாள் எண்கள்தான் ஐநூறு ஆண்டுகளாக உலகம் முழுக்க மேற்கோள் எண்கள். சன்ஹெட்ரின் என்ற பகுதியில் 43ஆம் தாள், முதல் பக்கம் என்று ஒருவர் சொன்னால், எந்த நாட்டுப் பதிப்பை எடுத்தாலும் அதே இடம் வரும். 1880களில் வில்னா நகரின் ரோம் அச்சகம் கொண்டுவந்த பதிப்பும் இதே வடிவத்தில்தான், ஓரங்களில் இன்னும் பல உரைகளைச் சேர்த்துக்கொண்டு வந்தது.

இந்த எண்கள் எதுவும் மியூனிக் பிரதியில் இருக்காது என்பது புதிதாகப் பார்ப்பவர்களைத் திணறடிக்கும் விஷயம்.

ராஷி யார்? தோசஃபோத் என்பது என்ன?

ராஷி என்பது ரப்பி சாலமோன் பென் ஐசக் என்பதன் சுருக்கப் பெயர். வடக்கு பிரான்சின் த்ருவா ஊர்க்காரர், 1040 முதல் 1105 வரை வாழ்ந்தவர். தல்மூதின் பெரும்பகுதிக்கு உரை எழுதினார். சொற்சிக்கனத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. படிப்பவனுக்கு எந்த இடத்தில் தடுக்குமோ அந்த இடத்தில் ஒரு சொல், அவ்வளவுதான். எபிரேயத்தில் விளங்காது என்று தோன்றினால் பழைய பிரெஞ்சுச் சொல்லை எபிரேய எழுத்தில் எழுதிவிடுவார். பதினோராம் நூற்றாண்டு பிரெஞ்சை ஆராய்பவர்கள் இன்று அதற்காகவே அவரைப் புரட்டுகிறார்கள்.

தோசஃபோத் ஒருவர் எழுதியதல்ல. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சிலும் ஜெர்மனியிலும் இருந்த பல ஆசிரியர்களின் குறிப்புகள், வகுப்பறையில் சேர்ந்தவை. அவர்களில் முதன்மையானவர் ராஷியின் மகள் வழிப் பேரன் ரப்பேனு தாம். தாத்தா சொன்னதைப் பேரன் தயங்காமல் மறுப்பார். இங்கே இப்படிச் சொல்கிறதே, அந்தப் பகுதியில் வேறு மாதிரி வருகிறதே என்று தல்மூதை அதனோடே மோதவிட்டு விடை காண்பது தோசஃபோத்தின் பாணி.

கூடுதலாக ஒன்று: உரைகளை அச்சிடும் அந்த வளைந்த எழுத்துக்கு ராஷி எழுத்து என்று பெயர் இருந்தாலும் ராஷி அப்படி எழுதியதில்லை. ஸ்பெயின் பக்கத்து யூதர்களின் கையெழுத்தைப் பார்த்து, அச்சர்கள் மூலத்திலிருந்து உரையைப் பிரித்துக் காட்ட வார்த்த எழுத்து அது.

ஒரே ஒரு முழுப் பிரதி மட்டும் மிஞ்சியது எப்படி? மற்றவை என்ன ஆயின?

எரித்தார்கள் என்பது எல்லோரும் சொல்லும் பதில். உண்மைதான்.

நிக்கோலஸ் டோனின் என்பவர் யூத மதத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர். தல்மூத் மீது குற்றப்பட்டியல் எழுதிப் போப் ஒன்பதாம் கிரகோரியிடம் கொடுத்தார். 1239இல் போப் பல நாட்டு மன்னர்களுக்கும் ஆயர்களுக்கும் நூல்களைப் பறிமுதல் செய்யச் சொல்லிக் கடிதம் அனுப்பினார். கேட்டு நடந்தது பிரான்ஸ் ஒன்றுதான் என்று சொல்லலாம். 1240இல் பாரிஸில், மன்னர் ஒன்பதாம் லூயியின் அரசவையில், தல்மூதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி விசாரணை நடந்தது. எதிர்த்தரப்பில் நின்றவர் பாரிஸ் ரப்பி யெஹியேல். தீர்ப்பு முன்பே எழுதப்பட்ட விசாரணை அது. 1242 வாக்கில் 24 வண்டி நிறையக் கையெழுத்துப் பிரதிகளைக் கொண்டுவந்து பாரிஸ் சதுக்கத்தில் எரித்தார்கள். அச்சு இல்லாத காலம். ஒவ்வொன்றும் ஒரு மனிதர் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் எழுதியது. ரோத்தென்பர்க் ஊர் ரப்பி மேயர் அதற்கு எழுதிய புலம்பல் பாடலை, ஜெருசலேம் கோயில் இடிந்த துக்க நாளில் ஐரோப்பிய மரபு யூதர்கள் இன்றும் பாடுகிறார்கள்.

அப்புறம் இத்தாலி. 1553 செப்டம்பர் 9, யூதப் புத்தாண்டு நாள். ரோமின் காம்போ தெ ஃபியோரி சந்தைத் திடலில் தல்மூதுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். அடுத்த மாதம் வெனிஸ். போம்பெர்க்கின் அழகான அச்சுப் பிரதிகளும் அந்த நெருப்பில் போயின. அவர் அச்சிட முடிந்தது போப் ஒருவரின் அனுமதியோடு, எரிந்தது முப்பதே ஆண்டில் இன்னொரு போப்பின் காலத்தில்.

ஆனால் நெருப்பை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிக் கதைதான். முழுத் தல்மூதையும் ஒரே ஆளாக ஒரே நூலாக எழுதுவது எக்காலத்திலும் அபூர்வம். செலவு அப்படி. மக்கள் படிக்கத் தேவைப்படும் பகுதியை மட்டும் எழுதி வாங்கினார்கள். சப்பாத் (வார ஓய்வுநாள்), திருமணம், நஷ்டஈடு சட்டங்களுக்குக் கிராக்கி இருந்தது. கோயிலே இல்லாத காலத்தில் பலிச் சட்டங்களை எழுதி வாங்குபவர்கள் குறைவு. ஆக, 1240க்கு முன்னாலும் இப்படிப்பட்ட முழுப் பிரதிகள் நிறைய இருந்திருக்கும் என்று நினைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது காரணம் அச்சு. தெளிவான அச்சு நூல் கைக்கு வந்த பிறகு பழைய தோல் பிரதியை யார் வைத்துக்கொள்வார்கள்? ஐரோப்பா எங்கும் புத்தகக் கட்டுநர்கள் எபிரேயத் தோல் தாள்களை வாங்கி வெட்டி, லத்தீன் நூல்களுக்கும் பத்திரப் பதிவேடுகளுக்கும் அட்டையாக ஒட்டினார்கள். ஆவணக் காப்பகங்களில் அந்த அட்டைகளை ஆராய்ந்து தல்மூத் துண்டுகளைச் சேகரிப்பதே இன்று ஒரு தனித் துறை. இத்தாலியில் மட்டும் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன.

பிரான்சில் எழுதியது மியூனிக் வந்து சேர்ந்தது எப்படி?

1394இல் பிரான்ஸ் யூதர்களைக் கடைசியாக வெளியேற்றியது. பிரதியும் யாரோ ஒருவருடைய மூட்டையில் கிழக்கே போயிருக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் அது தெற்கு ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரை ஒட்டிய ஃபெர்சே என்ற ஊரில், உல்மா என்ற வசதியான யூதக் குடும்பத்திடம் இருந்தது. ஆக்ஸ்பர்க்குக்குள் யூதர்கள் குடியிருக்கத் தடை இருந்ததால் நகர எல்லைக்கு வெளியே அப்படிச் சில ஊர்கள் உருவாகியிருந்தன. புனித பூமிக்கு நன்கொடை திரட்ட ஐரோப்பாவைச் சுற்றிய ஹயிம் யோசேப் தாவீது அசுலாய், நூல் பித்துப் பிடித்த ரப்பி. அவர் அந்த வீட்டில் இதைப் பார்த்ததைப் பயணக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பழைய நூல்களில் ஃபெர்சே பிரதி என்று வருவதும் இதுதான்.

அங்கிருந்து பவேரியாவின் போலிங் என்ற ஊரில் இருந்த அகுஸ்தீன் சபை மடத்துக்குப் போனது. அந்த மடத்தின் நூலகம் மிகப் பெரியது. 1803இல் பவேரிய அரசு மடங்களைக் கலைத்து அவற்றின் சொத்தை எடுத்துக்கொண்டபோது நூல்கள் மியூனிக் அரசவை நூலகத்துக்கு வந்தன. இன்றைய மாநில நூலகம் அதுவே.

தணிக்கை செய்யப்படாத பிரதி என்கிறார்களே?

ஆமாம், பெரும்பாலும். இயேசுவையும் பிற மதத்தினரையும் பற்றிய சில வரிகள் தல்மூதில் உண்டு. பாரிஸ் விசாரணையின் மையமே அவைதான். 16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அச்சகங்கள் அவற்றை நீக்கியோ மாற்றியோதான் அச்சிட முடிந்தது. 1578 முதல் 1581 வரை பாசல் நகரில் வந்த பதிப்பு இதில் உச்சம்: பிற மத வழிபாடு பற்றிய அவோதா ஸாரா என்ற பகுதி முழுவதையும் விட்டுவிட்டார்கள். பின்னால் வந்த பல பதிப்புகளும் அந்த வெட்டுகளில் பலவற்றை அப்படியே எடுத்துக்கொண்டன.

1342இல் எழுதிய சாலமோனுக்கு அச்சகத் தணிக்கை அதிகாரி கிடையாது. எனவே சன்ஹெட்ரின் பகுதியில் அச்சில் காணாமல்போன வரிகளை இங்கே தேடலாம். பிற்காலத்தில் யாரோ சில இடங்களைச் சுரண்டியும் வைத்திருக்கிறார்கள், அதனால் எல்லாம் பளிச்சென்று தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த வரிகளை மட்டும் எடுத்து, யூதர்கள் மறைத்துவைத்த ரகசியம் என்று பரப்புபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மறைக்கச் சொல்லி வற்புறுத்தியது திருச்சபைத் தணிக்கை. பிரதி இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பொது நூலகத்தில் இருக்கிறது, வரிகளை அறிஞர்கள் வெளியிட்டும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. ரகசியம் எங்கிருந்து வந்தது?

இதை முதலில் ஒழுங்காகப் படித்தவர் யார்?

ரப்பி ரஃபாயேல் நாத்தன் ரபினோவிச். எனக்குக் கேட்டால், இந்தப் பிரதியின் கதையில் எழுதிய சாலமோனுக்கு அடுத்த இடம் அவருக்குத்தான்.

லித்துவேனியாவில் 1835இல் பிறந்தவர். மியூனிக் வந்து, நூலகத்தில் உட்கார்ந்து, இந்தப் பிரதியை அச்சுத் தல்மூதோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட ஆரம்பித்தார். வேறுபடும் ஒவ்வொரு பாடத்தையும், அதாவது மூலத்தின் சொல்லமைப்பையும், குறித்தார், அது ஏன் வேறுபடுகிறது என்று கீழே குறிப்பு எழுதினார். மற்ற பிரதிகளில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஐரோப்பாவின் வேறு நூலகங்களுக்கும் போனார். ஆபிரகாம் மெர்ட்ஸ்பாகர் என்ற மியூனிக் வங்கியாளர் அவரைப் பணம் கொடுத்துத் தாங்கினார். தன் சொந்த நூலகத்தையும் திறந்துவிட்டார். 1867 முதல் திக்துகே சோஃப்ரிம் என்ற பெயரில் தொகுதிகள் வரத் தொடங்கின. 1888இல் அவர் இறந்த பிறகு வந்ததையும் சேர்த்து 16 தொகுதிகள். திருமணச் சட்டங்களின் பெரும்பிரிவுக்கு அவர் வரவே முடியவில்லை.

தல்மூதின் எழுத்தில் கைவைக்கலாமா என்ற தயக்கம் மரபு அறிஞர்களிடம் இருந்த காலம் அது. வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் பாடபேதம் திரட்டியிருந்தால் யெஷிவா என்ற தல்மூத் கல்விக்கூடங்களில் சீந்தியிருக்க மாட்டார்கள். ரபினோவிச் அந்த மரபுக்குள்ளேயே வளர்ந்தவர், பெரிய ரப்பிகள் வாழ்த்துரை தந்தார்கள்.

1912இல் ஹெர்மன் ஸ்ட்ராக் என்ற ஜெர்மன் இறையியல் பேராசிரியர் முழுப் பிரதியையும் ஒளிப்படமாக லைடன் நகரில் வெளியிட்டார். மியூனிக் போக முடியாதவர்களும் அதன் பிறகு படிக்க முடிந்தது.

அப்படியானால் மியூனிக் பிரதியில் இருப்பதுதான் சரியான பாடமா?

இல்லை. மிகப் பலர் தடுக்கி விழும் இடம் இது. ஒன்றே ஒன்றுதான் முழுமையாக மிஞ்சியது என்பதற்காக அது மிகச் சிறந்தது ஆகிவிடாது.

முதலாவது, சாலமோன் பிழை விடுவார். ஒரே சொல்லில் முடியும் இரண்டு வரிகள் அருகருகே வந்தால் கண் தாவி, நடுவில் உள்ளது விடுபட்டுப்போகும். இத்தனை பொடி எழுத்தில், இத்தனை நீளத்துக்கு எழுதினால் யாருக்கும் நேரும். இரண்டாவது, முழுவதற்கும் அவருக்கு ஒரே தாய்ப்பிரதி கிடைத்திருக்காது. அதனால் தரம் பகுதிக்குப் பகுதி மாறுகிறது. சில பகுதிகளில் நம்பலாம், சிலவற்றில் வத்திக்கான் பிரதியோ வேறு பிரதியோ மேல்.

மூன்றாவது காரணம் ராஷி. கடினமான இடங்களில், பாடம் இப்படி அல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் உரையில் எழுதினார். மூல நூலில் கைவைக்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவர் சொன்னபடி மூலத்தையே திருத்திவிட்டார்கள். ரப்பேனு தாம் இதற்காகக் கடிந்து எழுதியிருக்கிறார்: தாத்தா உரையில் சொன்னார், அழித்து எழுதியது மாணவர்கள். தன் சொந்த அண்ணன் ரஷ்பாம் இன்னும் அதிகமாகத் திருத்தியதாகவும் குறை சொல்கிறார். ஆக, ராஷிக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து அதே பிரான்சில் எழுதப்பட்ட ஒரு பிரதியில் காணும் பாடம், ராஷிக்கு முன்னால் இருந்ததா, ராஷியால் வந்ததா என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டாக வேண்டும். பிரதி உரையோடு ஒத்துப்போகிறது என்பது சில சமயம் உரைக்கு ஆதரவான சாட்சியே அல்ல.

இதற்கு மருந்து வேறு ஊர்ப் பிரதிகள். ஸ்பெயினில், ஏமனில், கிழக்கு நாடுகளில் எழுதியவற்றில் ராஷியின் கை படாத பாடங்கள் இருக்கும். கெய்ரோவின் பழைய ஜெபக்கூடத்தில், பழைய நூல்களை ஒதுக்கி வைக்கும் கெனிஸா அறையில் கிடைத்த துண்டுகள் இங்கேதான் பெரிய உதவி. துண்டாக இருந்தாலும் அவற்றில் பல மியூனிக் பிரதியைவிட நூற்றாண்டுகள் மூத்தவை.

இதைவிடப் பழைய தல்மூத் பிரதிகள் எங்கே உள்ளன?

தேதி எழுதப்பட்டவற்றில் ஆக்ஸ்பர்டின் பாட்லியன் நூலகத்தில் கெரித்தோத் பகுதியின் துண்டு ஒன்று, 1123. ஃப்ளாரன்ஸ் தேசிய நூலகத்தில் 1177 தேதியிட்ட பெரிய பிரதி. ஹாம்பர்க்கில் 1184இல் ஸ்பெயினின் கிரோனாவில் எழுதிய நஷ்டஈட்டுப் பகுதிகள்.

ஜெருசலேம் தல்மூதுக்கும் ஒரே ஒரு முழுப் பிரதிதான்: நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக நூலகத்தில், 1289இல் எழுதியது. 1609இல் இறந்த அறிஞர் ஜோசப் ஸ்காலிகர் விட்டுச்சென்ற நூல்களோடு வந்தது. போம்பெர்க் அச்சிட்ட ஜெருசலேம் தல்மூதுக்கு மூலப்பிரதியும் இதுவே.

மியூனிக் நூலகத்தில் வேறு எபிரேயப் பிரதிகள் உண்டா?

நூற்றுக்கணக்கில். நூலகம் 1558இல் பவேரிய கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் தொடங்கியது. தொடக்கமே யோகான் ஆல்பிரெக்ட் விட்மன்ஸ்டெட்டர் என்ற கீழை மொழி அறிஞரின் நூல்களை வாங்கியதில்தான். 1571இல் ஆக்ஸ்பர்க் செல்வர் யோகான் யாக்கோப் ஃபுகரின் நூலகமும் சேர்ந்தது. தல்மூதின் தனிப் பகுதிகளைக் கொண்ட சில பிரதிகளும் அங்கே உண்டு, எண் 6, 140, 141 போன்றவற்றை ஆய்வுகளில் அடிக்கடி காணலாம். எண் 5 பார்க்கவே அழகு: 1233இல் வூர்ட்ஸ்பர்கில் எழுதப்பட்ட ராஷியின் வேதாகம உரை, வண்ணப் படங்களோடு. மோரிட்ஸ் ஷ்டைன்ஷ்னைடர் 1875இல் போட்ட பட்டியல், 1895இல் திருத்தி வந்தது, இன்றும் கையில் எடுக்கும் பட்டியல்.

நாஜிகள் காலத்தில் இது தப்பியது எப்படி?

அரசு நூலகத்தின் சொத்து என்பதால். அதன் வாசகர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குண்டுவீச்சில் நூலகக் கட்டடம் பெரும்பாலும் நாசமானது, ஏறத்தாழ ஐந்து லட்சம் நூல்கள் அழிந்தன. மதிப்புமிக்க கையெழுத்துப் பிரதிகளை முன்கூட்டியே நகருக்கு வெளியே அனுப்பியிருந்தார்கள்.

போர் முடிந்தபோது அமெரிக்கப் படை வசம் இருந்த தெற்கு ஜெர்மனியின் முகாம்களில் வதைமுகாம்களிலிருந்து தப்பிய யூதர்கள் தங்கியிருந்தார்கள். படிக்கத் தல்மூத் இல்லை. ரப்பிகள் சாமுவேல் ஸ்னீக், சாமுவேல் ரோஸ் இருவரும் அமெரிக்கப் படைத் தலைமையிடம் போய், ஒரு தல்மூத் அச்சிட்டுத் தாருங்கள் என்று கேட்டார்கள். படமெடுத்து அச்சிடவே முழுத் தொகுதி நியூயார்க்கிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. 1948இல் ஹைடல்பெர்க் அச்சகத்தில் வேலை தொடங்கி 19 தொகுதிகளாக வந்தது. முகப்புப் பக்கத்தில் கீழே முள்வேலியும் வதைமுகாமும், மேலே பேரீச்சை மரங்களோடு புனித பூமியும். நூல் அமெரிக்க ராணுவத்துக்குக் காணிக்கை. ஒரு ராணுவத்துக்குக் காணிக்கையாக்கிய தல்மூத் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட நூல்களின் விலை என்ன?

மியூனிக் பிரதி விற்பனைக்கு வரப்போவதில்லை. ஒப்பிட வேண்டுமானால்: போம்பெர்க் அச்சிட்ட முழுத் தொகுதி ஒன்று 2015 டிசம்பரில் நியூயார்க் சதபீஸ் ஏலத்தில் 93 லட்சம் டாலருக்குப் போனது. அது நூற்றாண்டுகளாக லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் யாரும் தொடாமல் இருந்த தொகுதி. ஜாக் லன்ட்சர் என்ற சேகரிப்பாளர் பல ஆண்டுகள் விடாமல் கேட்டு, அந்த மடத்தின் தொடக்க கால சாசனப் பிரதி ஒன்றைத் தேடி வாங்கிக் கொடுத்து, பண்டமாற்றாகப் பெற்றிருந்தார்.

நான் பார்க்க முடியுமா?

வீட்டிலிருந்தே பார்க்கலாம், கட்டணம் இல்லை. பவேரிய மாநில நூலகத்தின் மின்னணுத் தொகுப்பில் எபிரேயப் பிரதி 95 முழுவதும் வண்ணப் படங்களாக இருக்கிறது. இஸ்ரேல் தேசிய நூலகத்தின் கெதீவ் தளத்திலும் கிடைக்கும். தோல் பிரதியையே மியூனிக் போய்க் கேட்டால், இத்தகைய பொக்கிஷங்களுக்கு நூலகங்கள் வழக்கமாகத் தகுந்த ஆய்வுக் காரணம் கேட்கும், இல்லையென்றால் படத்தைப் பார்க்கச் சொல்லிவிடும்.

எபிரேய எழுத்து தெரிந்தவர்கள் அச்சில் நன்றாகப் படித்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, அதே இடத்தை இதில் தேடுவது நல்ல தொடக்கம். தாள் எண் உதவாது என்பதால் அத்தியாயத்தின் முதல் சொற்களைத் தேடுங்கள். ஃப்ரீட்பெர்க் அமைப்பு நடத்தும் ஹகி கர்சினன் என்ற தளத்தில் ஒரே வரி பல பிரதிகளில் எப்படி இருக்கிறது என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். ரபினோவிச் நூலகம் நூலகமாக அலைந்து செய்த வேலையின் பெரும்பகுதி அங்கே சில சொடுக்குகளில் கிடைக்கிறது. அவர் எட்டாத திருமணப் பிரிவும் சேர்த்து.